அடைக்கலத்தின் ஐந்தாம் வகை

கீரமங்கலத்தைத் தாண்டி உள்ளே போனால் வரும் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அடைக்கலத்தை எல்லாரும் கண் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் டாக்டர் இல்லை. கண் மருத்துவ உதவியாளர். பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பார், பள்ளிக்கூடங்களுக்குப் போவார், புரை விழுந்தவர்களைக் கண்டுபிடித்துப் புதுக்கோட்டைக்கு அனுப்புவார். "நான் டாக்டர் இல்லத்தா, பிரிச்சுவிடுற ஆளு" என்று தினமும் பத்துப் பேரிடமாவது சொல்வார். யாரும் காதில் வாங்கிக்கொண்டதில்லை.

என் பெயர் வனிதா. அங்கே ஸ்டாஃப் நர்ஸ். பன்னிரண்டு வருஷம் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரியும். மனசில் பட்டதை அங்கேயே சொல்லிவிடுவேன். அடைக்கலம் அண்ணன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை. என்மேல் இருப்பது அதைவிடப் பெரிசு. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

மற்ற கண் உதவியாளர்களுக்கெல்லாம் புரைதான் முக்கியம். மாதத்துக்கு இத்தனை பேர் என்று மேலிருந்து கேட்பார்கள். இவருக்கு இமை. "புரைய டார்ச் அடிச்சா எவனும் சொல்லிருவான். இமையப் பாக்குறதுக்குத்தான் கண்ணு வேணும்" என்பார். எங்கள் பக்கம் பூ விவசாயம். மல்லிகைக்கும் முல்லைக்கும் மருந்தடித்த கையோடு கண்ணைக் கசக்குகிற பெண்கள்தான் பாதிக் கூட்டம். இமை சிவந்து, ஓரமெல்லாம் பொருக்குத் தட்டி, காலையில் கண்ணைத் திறக்க முடியாமல் ஒட்டிக்கொள்கிறது என்று வருவார்கள். கேட்டால், கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்பார்கள். தூசி ஆறு மாசமாகவா கண்ணில் கிடக்கும்?

சேர்ந்த புதிதில் எனக்கு அத்தனையும் ஒரே சிவப்புதான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "எல்லாம் இமை அழற்சிதானண்ணே? ஒரே மருந்தக் குடுத்து அனுப்பாம எதுக்கு ஆளுக்கு அஞ்சு நிமிஷம் பாக்குறீங்க?"

அவர் ஒரு காலி மருந்துப் பெட்டியைக் கிழித்து, அட்டையின் உள்பக்கத்தில் ஒரு இமையை வரைந்தார். "இமைக்கு ரெண்டு ஓரம் இருக்கு வனிதா. முன்னாடி ஓரத்துல முடி மொளைக்குது. பின்னாடி ஓரத்துல, முழிய ஒட்டுன மாரி, எண்ணெ கசியிற வாய் வரிசையா இருக்கு. எந்த ஓரம் கெட்டுருக்குன்னு மொதல்ல பாக்கணும். அதுலயே பாதி தெரிஞ்சுரும்."

அந்த அட்டை பிறகு சுவரில் ஏறியது. முன் ஓரம் கெட்டால் முதல் வகை. அதற்குள்ளும் பிரிவு வைத்திருந்தார். பொருக்கு கெட்டியாக ஒட்டிக்கொண்டு, பிய்த்தால் ரத்தம் கசிந்தால் கிருமி. செதில் பிசுபிசுப்பாக உதிர்ந்து, தலையிலும் பொடுகு இருந்தால் பொடுகு இனம். முடியின் அடியில் சின்னக் குழாய் மாட்டினாற்போலச் செதில் சுற்றியிருந்தால், வெறும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி. பின் ஓரம் கெட்டால் இரண்டாம் வகை. எண்ணெய் வாய் அடைத்துப்போய், அழுத்தினால் எண்ணெய்க்குப் பதில் பற்பசை மாதிரி கெட்டியாக வரும். அடிக்கடி கட்டியும் வரும். இரண்டு ஓரமும் கெட்டிருந்தால் மூன்று. கடைக்கண் மட்டும் சிவந்து வெடித்திருந்தால் நான்கு. டாக்டர்கள் இப்படி ஒன்று இரண்டு என்று சொல்வதில்லை, முன்பக்கம் பின்பக்கம் என்றுதான் சொல்வார்கள். நம்பர் இவர் தன் வசதிக்குப் போட்டுக்கொண்டது.

ஐந்தாவதை மட்டும் சிவப்புப் பேனாவில் எழுதினார். "மேலே உள்ள எதிலும் சேராதது. ஒரே கண். ஒரே இடம். முடி கொட்டும். மருந்துக்கு அடங்காது. இங்கே வைத்துப் பார்க்காதே, அனுப்பு."

"அது என்னண்ணே?"

"இமை அழற்சி மாரி வேசம் போட்டுக்கிட்டு வர்ற வேற ஒண்ணு." புற்று என்ற சொல்லை அவர் வாயால் சொல்லமாட்டார். "அழற்சின்னா பெரும்பாலும் ரெண்டு கண்ணுலயும் இருக்கும். ஒத்தக் கண்ண மட்டும் புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குதுன்னா, சதையெடுத்துப் பாக்கணும். அதுக்கு நம்மகிட்ட ஒண்ணும் இல்ல. நம்ம வேலை, நாள் கடத்தாம அனுப்புறது."

சொன்னபடி ஒருவரை அனுப்பியும் வைத்தார். குழந்தைசாமி என்று பலாத்தோப்பு வைத்திருக்கிற விவசாயி. இடது கீழ் இமையில் கட்டி, மூன்று முறை உடைந்து மூன்று முறையும் அதே இடத்தில் வந்தது. போக மாட்டேன் என்று முரண்டு பிடித்தவரைத் தன் வண்டியிலேயே பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் ஏற்றிவிட்டார். திருச்சியில் இமையை வெட்டித் தைத்தார்கள். ஆரம்பத்திலேயே வந்ததால் பிழைத்தார் என்றார்களாம். அதிலிருந்து வருஷா வருஷம் சீசனுக்கு ஒரு பலாப்பழம் அடைக்கலம் அண்ணன் வீட்டுக்கு வந்து இறங்கும். பழத்தை அறுத்ததும் எங்களுக்கும் ஒரு டப்பா சுளை வரும். எடுத்துக்கொண்டு வருவது அமுதவல்லி அக்கா, அவர் மனைவி.

அமுதவல்லி அக்கா வீட்டிலேயே ரவிக்கை தைப்பவர். சுற்றுவட்டாரத்துக் கல்யாண ரவிக்கையெல்லாம் அவர் கையில்தான். ஒரே மகள் அருணா, கோயம்புத்தூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை கண் முகாம் என்றால் அக்கா மெஷினை மூடிவைத்துவிட்டு எங்களோடு கிளம்பிவிடுவார். சம்பளம் கிடையாது, பேர் கிடையாது. ஆனால் அவர் இல்லாவிட்டால் முகாம் நடக்காது.

காரணம் கண்மை. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு முகாம் என்பது வெளியே கிளம்புகிற ஒரு நாள். தலை நிறையப் பூ, முகத்தில் பவுடர், கண் நிறைய மை. இமை முடி இருக்கிறதா இல்லையா, ஓரம் சிவந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு கோடு. மையோடு யாரையும் நாற்காலியில் உட்காரவிடமாட்டார் அடைக்கலம். அதனால் பள்ளிக்கூடத்துக் குழாயடியில் சோப்பும் துண்டும் வைத்துக்கொண்டு அமுதவல்லி அக்கா நிற்பார். "வாங்கத்தா, மொகத்தக் கழுவிட்டுப் போங்க, வீட்டுக்குப் போயி திரும்பப் போட்டுக்கலாம்" என்று கெஞ்சிக் கொஞ்சி அனுப்புவார். சிலருக்கு அவரே கழுவிவிடுவார்.

முகாமில் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. அவர் இமையைப் புரட்டிப் பார்த்துச் சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன். "எழுதிக்க வனிதா. வலது கண்ணு, ரெண்டு. எடது கண்ணு, ரெண்டு. சுடுதண்ணி ஒத்தடம்." நான் "எழுதிட்டேன்ணே" என்று சொன்ன பிறகுதான் அவர் இமையிலிருந்து கையை எடுப்பார். நான் மறந்துபோனால் ஆளைப் பிடித்தபடியே என்னைத் திரும்பிப் பார்ப்பார். ஒரு நாளில் நூற்றைம்பது தடவை அதைச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பன்னிரண்டு வருஷ நோட்டுகளிலும் அமுதவல்லி என்ற பெயர் இல்லை.

அக்காவுக்கு இமைத் தொந்தரவு இல்லாமல் இல்லை. நான் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இரண்டு கண்ணும் எரிகிறது, தைக்கும்போது நூல் மங்குகிறது என்றார். வீட்டிலேயே பார்த்து இரண்டாம் வகை என்று சொல்லிவிட்டார் அண்ணன். சரியாகத்தான் சொன்னார். ஒத்தடம் கொடுத்து, இமையைத் துடைத்து, நன்றாகவே ஆனது. ஆனால் அதோடு அது பட்டப்பெயராகவும் ஆகிவிட்டது. போன் வந்தால், "ரெண்டாம் வகை கூப்புடுது" என்பார். அக்காவும் சிரித்துக்கொண்டே, "ஆமா, மொத வகையத் தேடிப் போறதுதானே" என்பார். நாங்களும் சிரிப்போம். தான் ஒரு தடவை சொன்ன வகையைத் திரும்பச் சோதித்துப் பார்க்க அவர் மறந்துபோன இடம் அதுதான்.

2021 கடைசியில் அக்காவுக்கு வலது மேல் இமையில் ஒரு கட்டி வந்தது. அரிசி அளவு. "ரெண்டாம் வகைக்குக் கட்டி வர்றது சகஜந்தானே, ஒத்தடம் குடு" என்றார் அண்ணன். கொடுத்தார், கொஞ்சம் அமுங்கியது. மூன்று மாசத்தில் அங்கேயே வந்தது. அண்ணன் களிம்பு கொடுத்தார். மறுபடி அமுங்கியது. மறுபடி வந்தது. வேறு யாராவது இப்படி அவரிடம் வந்து சொல்லியிருந்தால், "ஒரே எடமா?" என்று எழுந்து நின்றிருப்பார். வீட்டிலோ அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்குக் கண்ணாடியையும் கழற்றிவிடுவார். நாள் முழுக்கக் கண்ணைப் பார்த்துப் பார்த்துத் தலை வலிக்கும் என்பார். கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கிட்டத்தில் இருப்பது சுத்தமாகத் தெரியாது. சோறு போடுகிற கையும், குரலும், சேலையின் நிறமும் தெரியும். அதுபோதும் என்று இருந்துவிட்டார்.

அடுத்த வருஷம் நடுவில் அக்கா மை போட ஆரம்பித்தார். அதற்கு முன் போட்டு நான் பார்த்ததில்லை. முதலில் மெலிசாக, பிறகு பட்டையாக. தடித்த பிரேம் போட்ட கண்ணாடி ஒன்றும் வாங்கிக்கொண்டார். நான் சும்மா இருந்தேனா? "என்னக்கா, புதுப் பொண்ணு கணக்கா இருக்கீங்க, அண்ணன் மயங்கிறப் போறாரு" என்றேன். அக்கா சிரித்தார். அண்ணனும் சிரித்தார். குழாயடியில் ஊர்ப் பெண்களின் மையைக் கழுவிக்கொண்டு நின்றவரின் கண்ணில் மை இருக்கிறதே என்று எனக்கும் தோன்றவில்லை, அண்ணனுக்கும் தோன்றவில்லை. எனக்கு நர்சிங் சர்டிபிகேட் கொடுத்தவர்கள் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

2023 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. பூக்காரர்கள் நிறைந்த ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் முகாம். கூட்டம் அதிகம். பதினோரு மணிவாக்கில் குழாயடியில் சத்தம் கேட்டது. மூக்காயி என்று ஒருத்தி, ஐம்பது வயதிருக்கும், பூ மார்க்கெட்டில் ஏலம் கூவுகிறவள்போல் குரல். மையைக் கழுவ மாட்டேன் என்கிறாள்.

"எங்க சொந்தத்துல கல்யாணம் வச்சிருக்கு, இங்கிட்டிருந்து நேரா அங்கிட்டுப் போறேன். மொகத்தக் கழுவிட்டு எழவு வீட்டுக்குப் போற மாதிரியா போவேன்?"

"அஞ்சு நிமிஷம்த்தா. நானே தொடச்சு விடுறேன்" என்றார் அமுதவல்லி அக்கா.

"எனக்குச் சொல்றியே, நீ மட்டும் அப்பிக்கிட்டு நிக்கிறே? நீ மொதல்ல கழுவு, நான் கழுவுறேன்."

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வகுப்பறை வாசலில் வந்து நின்ற அடைக்கலம் அண்ணனும் சிரித்தார். "சரியாத்தானே கேக்குறாக. நீயும் கழுவிட்டு வா அமுதா, நியாயம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார்.

அக்கா அசையவில்லை. சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். "வேண்டாங்க" என்றார் மெதுவாக.

"அட, சும்மா கழுவு."

அக்கா கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். குனிந்து, சோப்பைக் குழைத்து, இரண்டு கண்ணையும் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அண்ணன் அவருக்கு மூன்றடி தூரத்தில் நின்றார். தலையில் மாட்டுகிற லென்ஸ் நெற்றிமேல் இருந்தது. அதை இழுத்துக் கண்ணுக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கு வெயில் நன்றாக இருந்தது, டார்ச் கூடத் தேவைப்படவில்லை.

வலது மேல் இமையின் நடுவில், ஒரு விரல் அகலத்துக்கு, ஒரு முடிகூட இல்லை. ஓரம் தடித்து மஞ்சளாக இருந்தது. எனக்கே தெரிந்தது.

மூக்காயி பேச்சை நிறுத்திவிட்டாள். அண்ணன் இமையைப் புரட்டினார். பிறகு காதுக்கு முன்னால் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். நோய் பரவினால் நெறி கட்டுகிற இடம் அது. விரல் அங்கேயே நின்றது. வழக்கப்படி "எழுதிக்க" என்று சொல்லவில்லை. லென்ஸை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, வகுப்பறைக்குள் போய், சீட்டை எடுத்து அவரே எழுதினார். பெயர், வயது எழுதி, வகை என்ற இடத்தில் ஐந்து என்று போட்டார். எழுதிய சீட்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அவர் பின்னாலேயே போயிருந்த நான் வெளியே ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டேன். என் யூனிபார்ம் நனைந்துபோனது. அக்கா அழவில்லை. "கூட்டம் நிக்கிது பாரு, போயி எழுது" என்றார்.

திருச்சியில் சதையெடுத்துப் பார்த்தார்கள். எண்ணெய்ச் சுரப்பியிலேயே வருகிற புற்று என்றார்கள். அந்த அம்மா டாக்டர் சின்ன வயசு. "எத்தன மாசமா இருக்கு?" என்று கேட்டார்.

"பதினாலு மாசம்" என்றார் அண்ணன்.

"இவ்வளவு நாள் யாருகிட்டக் காட்டுனீங்க?"

"நாந்தான் பாத்தேன் டாக்டர். நான் கண் மருத்துவ உதவியாளர். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்" என்றார்.

அந்த டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பேனாவை மூடிவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணையும் சேர்த்து எடுக்கவேண்டியிருக்கும் என்று சொன்னார். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் நான் வார்டில் இருந்தேன். அண்ணன் மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தார். அடக்கமாட்டாமல் கேட்டேன். "ஏங்க்கா மறச்சீங்க? எத்தன முகாம்ல நின்னுருக்கீங்க! ஒத்தக் கண்ணு, ஒரே எடம், முடி கொட்டும்னு அவரு கத்துறது ஒங்களுக்குக் கேக்கலயா?"

"கேக்காமயா?" என்றார் அக்கா. "மனப்பாடமாத் தெரியும் வனிதா. மொத முடி கொட்டுன அன்னிக்கே கண்ணாடியில பாத்தேன். ரெண்டாவது கொட்டுச்சு. அப்பறம் ஒரு கொத்தாப் போச்சு. அஞ்சுதான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா?"

"அவரு ரெண்டுன்னு சொல்லியிருக்காரே. அவரு பாத்துச் சொன்னா தப்பாப் போகாதுன்னு ஒரு மனசு. கண் டாக்டர் பொண்டாட்டிக்கே தெரியாமப் போச்சு பாருன்னு ஊரு அவரப் பேசுமேன்னு ஒரு மனசு. அதெல்லாங்கூட இல்ல. அஞ்சுன்னு அவரு வாயால கேக்க எனக்குத் தைரியம் இல்ல. மையப் போட்டு மறச்சுட்டா அது இல்லன்னு ஆயிருமான்னு பாத்தேன்."

"அவருகிட்ட இதச் சொல்லிறாத" என்றார் பிறகு. நான் சொல்லவில்லை. ஆனால் மாத்திரைப் பையோடு கதவுக்குப் பின்னால் அவர் நின்றுகொண்டிருந்ததை நான் திரும்பியபோதுதான் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நின்றார் என்று கேட்கவில்லை.

கண்ணை எடுத்தார்கள். கழுத்து நெறியையும் எடுத்தார்கள். கரண்டு என்று எங்கள் பக்கம் சொல்கிற கதிர்வீச்சும் வைத்தார்கள். ஊர் திரும்பியதும் அண்ணன் லீவு போட்டுவிட்டு அக்காவோடேயே இருந்தார். மூக்குக் கண்ணாடியைத் தூங்கும்போது மட்டும்தான் கழற்றினார் என்று அருணா சொன்னாள். சோறு ஊட்டும்போதும், தலை வாரிவிடும்போதும், டிவி பார்க்கும்போதுகூட அவர் அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாராம். "போதுங்க, என்னத்தப் பாக்குறீங்க அப்புடி" என்று அக்கா திட்டினால்தான் தலையைத் திருப்புவாராம்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் சுவரிலிருந்த அட்டையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அட்டை என்னண்ணே பண்ணுச்சு? அட்டையில சரியாத்தான் எழுதியிருக்கு" என்று கத்தினேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கூடையிலிருந்து எடுத்துத் துடைத்து நானே மாட்டினேன். சொல்லியிருக்கக்கூடாத சொல் என்று மாட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. அவர் கோபப்படவில்லை. "ஆமா வனிதா, சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்றார்.

அடுத்த வருஷம் நெஞ்சுக்குப் பரவிவிட்டது. வைகாசி பிறந்து பத்து நாளில், ஒரு காலைப்பொழுதில் அமுதவல்லி அக்கா போய்ச் சேர்ந்தார்.

நான் போனபோது பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சரியாக அந்த நேரத்துக்குத் தெருமுனையில் ஒரு மொபெட் வந்து நின்றது. குழந்தைசாமி. பின்னால் கயிறு போட்டுக் கட்டிய பலாப்பழம். அவருக்குத் தகவல் தெரியாது. வருஷா வருஷம் வருகிறமாதிரி வந்திருக்கிறார். பந்தலைப் பார்த்தார், வண்டியை விட்டு இறங்காமலே என்னைப் பார்த்தார். "யாருத்தா?" என்றார். சொன்னேன். அந்தக் கிழவர் பலாப்பழத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். தைத்த இமை என்பதால் அந்தக் கண்ணில் தண்ணீர் நிற்காமல் கன்னத்தில் வழிந்தது. அடைக்கலம் அண்ணன் கண்டுபிடித்துப் பிழைக்கவைத்த கண் அது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை, உள்ளே போய்விட்டேன்.

கூடத்தில் பெண்கள் அக்காவைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். புருஷன் இருக்கப் போனவர் என்பதால் மஞ்சள் பூசி, பெரிய குங்குமம் வைத்து, அவர் தைத்து ஒரு முறையும் போடாத பச்சைப் பட்டு ரவிக்கையும் சேலையும் உடுத்தியிருந்தார்கள். தலை கொள்ளாமல் மல்லிகை. வலது கண்ணை ஒரு வெள்ளைத் துணியால் மறைத்திருந்தார்கள். அண்ணனின் தங்கை சந்தனம் அழுதுகொண்டே மைச்சிமிழைத் திறந்து, "மை போட்டா எங்க மதினி எவ்வளவு நல்லாருப்பாக" என்று இடது கண்ணில் பட்டையாக மை தீட்டினாள்.

அடைக்கலம் அண்ணன் அதுவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை என்று எல்லாரும் பயந்துகொண்டிருந்தார்கள். எழுந்தார். அடுப்படிக்குள் போனார். ஒரு சொம்பில் தண்ணீரும் சோப்பும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"என்னண்ணே பண்றே?" என்றாள் சந்தனம்.

அவர் சொம்பைக் கீழே வைத்தார். அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து, துண்டின் நுனியை நனைத்து, இடது கண்ணிலிருந்த மையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தார். குழாயடியில் அக்கா மற்றவர்களுக்குத் துடைத்துவிட்ட மாதிரியே, உள் மூலையிலிருந்து வெளியே. யாரோ தடுக்கப் போனார்கள். நான் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மை முழுக்கப் போனதும் சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முகத்துக்கு நேரே குனிந்து, மூடியிருந்த இமையின் ஓரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். ஆளுக்கு அஞ்சு நிமிஷம் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

"எழுதிக்க வனிதா" என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. "அமுதவல்லி. அம்பத்தொரு வயசு. எடது கண்ணு. முடி எல்லாம் இருக்கு. ஒண்ணுகூடக் கொட்டல. நல்லாருக்கு."

இமைமேல் வைத்த விரலை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கையில் நோட்டும் இல்லை, பேனாவும் இல்லை.

"எழுதிட்டேன்ணே" என்றேன்.

அப்புறம்தான் கையை எடுத்தார்.